செல்லோ வாங்கப் பேரையூர் போனது

மதுரை ஸ்டேஷனில் இறங்கியதும் எனக்குக் கிடைத்த முதல் மரியாதை, போர்ட்டர்கள் ஒதுங்கி வழிவிட்டதுதான். என் தோள் உயரத்துக்கு ஒரு கறுப்புப் பெட்டி, மேலே ஒடுங்கி, கீழே அகன்று. பார்த்தவர்கள் எல்லாரும் சவப்பெட்டி என்றே நினைத்தார்கள். ஒரு பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடக்கூடச் செய்தார். உள்ளே இருந்தவை ஒரு வில், ஒரு செட் புதுத் தந்தி, வில்லில் தேய்க்க ஒரு ரோசின் கட்டி, மாற்றுச் சட்டை. செல்லோ வாங்கப் போகிறவன் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்திருந்தேன்.

செல்லோ என்பது வயலினுக்குப் பெரியப்பா. நாற்காலியில் உட்கார்ந்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வாசிப்பது. சினிமாவில் கதாநாயகி தாலியைக் கழற்றும்போது அடியில் ஒரு குரல் முனகுமே, அது நாங்கள். சென்னை ரிக்கார்டிங் தியேட்டர்களில் அப்படி முனகித்தான் என் குடும்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

கார்த்திகையில் வேலூர்ப் பக்கம் ஒரு மெல்லிசைக் கச்சேரியில் மேடைப் பலகை சரிந்து, ஸ்பீக்கர் பெட்டி என் செல்லோவின் மேல் உட்கார்ந்துவிட்டது. அதோடு சரி. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரவழைப்பதென்றால் லைசென்ஸ், சுங்கம், சிபாரிசு என்று இன்னொரு பிறவி எடுக்க வேண்டும். இரவல் செல்லோ ஒன்றை வைத்து ஓட்டிக்கொண்டிருந்தேன். அதன் சொந்தக்காரர் தை கடைசியில் பாலக்காட்டிலிருந்து திரும்பிவிடுவார். பிறகு என் நாற்காலியில் வேறொருவன் உட்காருவான். வாத்தியம் இல்லாத வாத்தியக்காரனை யாரும் தேடி வந்து விசாரிப்பதில்லை. எங்கள் தொழிலின் வழக்கம் அது.

மதுரைப் பக்கம் இரண்டு செல்லோக்கள் இருப்பதாகத் தகவல். ஒன்று ஒத்தக்கடையில். மற்றது பேரையூருக்குப் பக்கத்தில், தவமணியின் வீட்டில்.

தவமணி எனக்குப் பக்கத்து நாற்காலி. இருவருக்கும் ஒரே ஸ்டாண்டு, ஒரே நோட்டேஷன் தாள். பக்கம் புரட்டுவது என் வேலை. அவன் கை நிற்கக் கூடாது என்று மியூசிக் டைரக்டர்களே சொல்வார்கள். சம்சாரி வீட்டுப் பிள்ளை, உழவுக் குடும்பம். காலேஜ் படிக்கச் சென்னைக்கு வந்தவன், வேப்பேரியில் ஓர் ஆங்கிலோ இந்தியன் அம்மாளின் ஜன்னல் வழியாக இந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் படிப்பையும் விட்டான், ஊரையும் விட்டான். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. ஐப்பசியில் மஞ்சள்காமாலை வந்து போய்விட்டான். உடம்பை ஊருக்குக் கொண்டுபோன வேனிலேயே செல்லோவும் போயிற்று.

அதை அவன் அப்பா விற்கப்போகிறார் என்று, வடபழனியில் ஓட்டல் சப்ளையராக இருந்த பேரையூர்க்காரர் ஒருவர் வந்து சொன்னார். அந்த செல்லோவின் குரல் எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக என் இடது காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது. அதை நான் வாசிக்கப்போகிறேன் என்று நினைத்தபோது ஆசையாகவும் இருந்தது, என் மேல் எனக்கே கூச்சமாகவும் இருந்தது.

ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜில் பெட்டியைப் போட்டேன். அறை கொடுக்குமுன் மேனேஜர் பெட்டியைத் திறந்து காட்டச் சொன்னார். காட்டினேன். திருப்தியில்லாமல் உள்ளே கைவிட்டுத் தடவியும் பார்த்தார். கீழே தெருமுனையில் ஓர் அம்மாள் தவலையில் பருத்திப்பால் விற்றுக்கொண்டிருந்தார். சுக்கும் கருப்பட்டியும் மணத்தன. சென்னையில் இந்த நேரத்துக்கு நாங்கள் காபி என்ற பெயரில் எதையோ குடித்துக்கொண்டிருப்போம். இரண்டு டம்ளர் குடித்தேன். அந்தப் பயணத்தில் நான் முகம் சுளிக்காமல் அனுபவித்தது அது ஒன்றுதான்.

ஒத்தக்கடைக்கு டவுன் பஸ். புதிதாக மனை பிரித்த இடம். வீடுகளைவிடச் செங்கல் அடுக்குகள் அதிகம். செல்லோ வைத்திருந்தவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போனதாம். ஹாலில் டிவி பெட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, அதன் வயிற்றில் இருக்கும் இரண்டு துவாரங்களிலும் பிளாஸ்டிக் ரோஜா செருகியிருந்தார்கள். தொடாமல் பார்க்கச் சொன்னார் பேராசிரியர். வாங்க வந்தவன் தொடாமல் எப்படி என்று கேட்டதற்கு, தாஜ்மகாலைத் தொட்டா பார்க்கிறோம் என்றார்.

அவர் மனைவி காபி கொண்டுவந்த சமயம் பார்த்து முதுகுப் பலகையைக் கட்டைவிரலால் அழுத்தினேன். விரல் உள்ளே போய்விட்டது. உள்ளிருந்து புற்றுமண் கொட்டியது. கரையான் முழுதும் தின்றுவிட்டு, வார்னிஷை மட்டும் மரியாதைக்கு விட்டுவைத்திருந்தது. ஓட்டையை நான்தான் போட்டேன் என்று பேராசிரியர் ஆரம்பித்தார். சுவரைப் பாருங்கள், அடுத்து அங்கேதான் போகும் என்று சொல்லிவிட்டு வந்தேன். பஸ்ஸில் நகத்திடுக்கில் இருந்த மண்ணைக் குச்சியால் நோண்டிக்கொண்டே வந்தேன். இனி இருப்பது தவமணியுடையது மட்டும்தான்.

மறுநாள் காலை பேரையூர் பஸ். கண்டக்டர் பெட்டிக்கு லக்கேஜ் போட வேண்டும் என்றார். உள்ளே என்ன என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்ணுமில்லாததுக்கா சார் இம்புட்டுப் பெரிய பொட்டி?"

பஸ் முழுக்கச் சிரித்தது. டிக்கெட்டைக் கிழித்துக் கையில் கொடுத்தார். திருமங்கலம் தாண்டியதும் பூமியின் நிறம் மாறியது. மழை ஏமாற்றிய வருஷம். கரிசல் வெடித்து, விரல் விட்டால் போகும் அளவுக்குப் பிளந்து கிடந்தது. பருத்தி முழங்கால் உயரத்தில் நின்றுபோயிருந்தது. சீமைக்கருவேல் மட்டும் செழிப்பாக இருந்தது. சாலையில் எதிர்ப்பட்ட மாடுகளின் விலா எலும்பை எண்ணிவிடலாம். ஆனால் பொங்கல் முடிந்து நாலைந்து நாள்தான் ஆகியிருந்ததால் எல்லாவற்றுக்கும் கொம்பு பளபளவென்று, சிவப்பும் நீலமும் பச்சையுமாக இருந்தது. பட்டினி கிடக்கிறவனுக்குப் பட்டுத் தலைப்பாகை கட்டியது போல.

கல்லுப்பட்டிக்கு முன்னால் பஸ் நின்றுவிட்டது. ரேடியேட்டருக்குத் தண்ணீர் வேண்டும். பக்கத்துக் கிணற்றில் வாளி விட்டார்கள். கல் மேல் மோதும் சத்தம்தான் வந்தது. கடைசியில் பயணிகள் ஆளுக்குக் கொஞ்சம் குடிக்கிற தண்ணீரை ஊற்றினோம். கைக்குழந்தையோடு இருந்த ஒரு பெண் மட்டும் தரமாட்டேன் என்று முந்தானைக்குள் பாட்டிலை மறைத்துக்கொண்டாள். யாரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.

நான் எழுதிப்போட்டிருந்த கடிதப்படி பேரையூரில் தவமணியின் அப்பா மூக்கையா எனக்காகக் காத்திருந்தார். நெட்டையான மனிதர், மொட்டையடித்த தலையில் முடி வெள்ளையாக அரும்பியிருந்தது. கூடவே ஒருவர், வெற்றிலைச் சிவப்பு வாயோடு, தோளில் பெரிய துண்டோடு. மாட்டுத் தரகர் சொக்கன் என்று அறிமுகம் செய்தார். எதற்குத் தரகர் என்று எனக்குப் புரியவில்லை. வாழ்நாளில் மாட்டைத் தவிர வேறு எதையும் விற்றறியாத மனிதருக்கு, விற்பது என்றால் தரகர் வேண்டும் என்று தோன்றியிருக்கிறது.

ஊர் அங்கிருந்து கொஞ்ச தூரம். பெட்டியை மூக்கையாவே வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார். வேண்டாம் என்றால் கேட்கவில்லை. வழியில் ஒன்று சொன்னார். மகன் வாசித்ததை அவர் ஒருநாளும் கேட்டதில்லை. சென்னைக்குப் போனதே கிடையாது. ஊருக்கு வரும்போது அவனும் அதைக் கொண்டுவந்ததில்லை. கொண்டுவந்தால் சண்டை வரும் என்ற பயம். டீக்கடை ரேடியோவில் பாட்டு ஓடும்போது, இதில் உன் மகன் வாசித்திருக்கிறான் என்று யாராவது சொல்வார்களாம்.

"அம்புட்டுச் சத்தத்துல எது அவன் சத்தம்னு எனக்கு எப்படித் தெரியும் தம்பி," என்றார்.

வீட்டில் தவமணியின் அம்மா முதலில் சாப்பிடச் சொன்னார். கேப்பைக்களி, கருவாட்டுக் குழம்பு. எனக்காக மட்டும் அரிசிச் சோறு வடித்திருந்தார்கள். அந்த வருஷத்தில் அந்த வீட்டில் அரிசிக்கு என்ன மதிப்பு என்பது வழியில் கிணற்றைப் பார்த்த எனக்குத் தெரியும். களியே போதும் என்றேன். அந்த அம்மாள் முகம் வாடிப்போகவே, சோற்றையே சாப்பிட்டேன். ஒரு வாய்க்கு ஒரு தரம் அவர் என் இடதுகை விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். தந்தி அழுத்தி அழுத்தி எங்கள் இடதுகை விரல் நுனி காய்ப்பேறிப்போயிருக்கும். தவமணிக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

சாப்பிட்டு எழுந்ததும் மூக்கையா தொழுவத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டு காளைகள் நின்றன. அவற்றுக்கு அந்தப் பக்கம், சுவரில் சாய்த்து, சாக்கு விரித்த பலகையின் மேல் செல்லோ நின்றது.

உடம்பு முழுக்கச் சிவப்பு எனாமல் பெயிண்ட். விளிம்பைச் சுற்றிப் பச்சை. கழுத்தின் உச்சியில் மரம் சுருண்டிருக்குமே, அது ஆட்டுக்கடா கொம்பு போலத்தான் இருக்கும். அதற்கு நீலம் அடித்திருந்தது. பக்கத்தில் நின்ற காளைகளின் கொம்பிலும் அதே நீலம். நடுவில் ஒரு சந்தனப்பொட்டு, அதன் மேல் குங்குமம்.

"எழவு விழுந்த வீடு, இந்த வருசம் எங்களுக்குப் பொங்கக் கெடையாது," என்றார் மூக்கையா. "வாயில்லாச் சீவனுக்கு உண்டுல்ல. மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு அடிக்கும்போது இதுவும் நின்னுச்சு. இதுவும் வாயில்லாச் சீவந்தானே, அவன் தொட்டாத்தானே பேசும். பெயிண்டு ரெண்டு கோட்டு அடிச்சிருக்கேன். நல்லா இருக்கா?"

நல்லா இருக்கு என்றேன்.

செல்லோவின் மேல்பலகை இரண்டு ஒற்றை ரூபாய்க் காசுகளை அடுக்கிய கனம்தான் இருக்கும். அது அதிர்ந்தால்தான் குரல். மெல்லிய வார்னிஷ் தவிர வேறு எதையும் தாங்காது. எனாமல் பூசுவது மூக்கில் பஞ்சு வைப்பதற்குச் சமம். குனிந்து துவாரத்தின் வழியே உள்ளே பார்த்தேன். வயிற்றுக்குள் முன்பலகையையும் பின்பலகையையும் முட்டுக்கொடுத்து ஒரு சின்னக் குச்சி நிற்கும். குரலுக்கு உயிர் அதுதான். அது இல்லை. கேட்டதற்கு, உள்ளே ஏதோ குச்சி கிடந்து உருண்டுகொண்டிருந்தது, கம்பி விட்டு எடுத்துப் போட்டேன் என்றார். வேன் வந்த குலுக்கலில் விழுந்திருக்கும். குப்பை என்று நினைத்திருக்கிறார்.

ஆனாலும் அது தவமணியின் செல்லோ. மரத்தில் பழுது இல்லை. தட்டித் தட்டிப் பார்த்துவிட்டேன். பெரம்பூரில் ஒரு ரிப்பேர்க்காரர் இருக்கிறார். பெயிண்டைப் பொறுமையாகச் சுரண்டி எடுத்து, குச்சியை நிறுத்தினால் பாதிக் குரலாவது திரும்பும். எனக்கு அந்தப் பாதி போதும். பெயிண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தேன்.

சொக்கன் கையை நீட்டினார். கை குலுக்குகிறார் என்று நானும் நீட்டினேன். தோள் துண்டை எடுத்து இரண்டு கைக்கும் மேலே போட்டு மூடி, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்த ஆரம்பித்தார். மாட்டுச் சந்தையில் விலை பேசுவது இப்படித்தானாம்; எத்தனை விரல் பிடித்தால் எவ்வளவு என்று கணக்கு. விலையை வாய்விட்டுச் சொன்னால் மாட்டுக்குக் கண்ணேறு. எனக்குக் கணக்கு தெரியாததால் காதில் குசுகுசுத்துச் சொல்லிக்கொடுத்தார். என்னிடமிருந்து மூக்கையாவிடம் போனார், அங்கே ஒரு துண்டு மூடல். திரும்பி வந்தார். மகனின் வாத்தியத்துக்கு விலை பேசும்போது அந்த அப்பாவின் முகத்தை நான் பார்க்க வேண்டியிருக்கவில்லை, அவர் என் முகத்தையும். அந்தத் துண்டைக் கண்டுபிடித்தவன் மனிதர்களைத் தெரிந்தவன்.

விலை படிந்தது. நான் பயந்ததைவிடக் குறைவு. அச்சாரம் கொடுத்தேன். மூக்கையா அதைக் கண்ணில் ஒற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"உழாத மாடு நின்னு நின்னே கெட்டுப்போகும்," என்றார். "அதான் குடுக்கேன். சரி தம்பி, ஏர் பூட்டி ஓட்டிப் பாத்துட்டுத்தானே மாட்டைப் பிடிக்கணும். ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க. அவன் சத்தத்தை நாங்களும் கேட்டுக்கிடுதோம்."

தவிர்க்கப் பார்த்தேன். தந்தி இல்லை என்றேன். பெட்டியைத் திறந்தபோது தந்தியை அவரே பார்த்துவிட்டார். தொழுவத்து வாசலில் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். தவமணியின் அம்மா கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். தந்தி கட்டினேன். உள்ளே முட்டுக் குச்சி இல்லாததால் முழு இழுப்புக் கொடுக்க முடியாது, பலகை அமுங்கிவிடும். பாதி இழுப்பில் நிறுத்தினேன். ரிக்கார்டிங் இடைவேளையில் தவமணி தனக்குத்தானே வாசித்துக்கொள்ளும் ஒரு மெட்டு உண்டு. அதை எடுத்தேன்.

தகரப் பெட்டியைச் சிமெண்டுத் தரையில் இழுப்பது போல இருந்தது. என்னால் ஆனமட்டும் வில்லை மென்மையாக ஓட்டினேன். சத்தம் பலகையைவிட்டு வெளியே வரவேயில்லை. ஒரு காளை காதை ஆட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நிறுத்தினேன்.

மூக்கையா நான் இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்ததுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"அம்புட்டுத்தானா?"

வில்லை மடியில் வைத்தேன்.

"இதுக்கா போனான்?" என்றார், என்னை அல்ல, மனைவியைப் பார்த்து. "நெலத்தை விட்டு, ஒன்னைய விட்டு, இதுக்கா?"

அந்த அம்மாள் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். நீங்கள் அடித்த பெயிண்ட்தான் காரணம் என்று சொன்னால், மகனுடைய குரலையும் அவரே தன் கையால் மூடிவிட்டார் என்று ஆகும். அவர் அதற்குப் பிறகு தூங்க மாட்டார். சொல்லாமல் இருந்தால், தவமணி ஒன்றுமில்லாததற்காக ஊரைவிட்டுப் போன பைத்தியக்காரன் என்று ஆகும். அவன் செத்துப்போய்விட்டான், வந்து வாசித்துக் காட்ட மாட்டான். இரண்டில் எதையும் செய்ய எனக்கு மனசு வரவில்லை. மூன்றாவதாக ஒன்று வாயில் வந்தது.

"வாத்தியத்து மேல குத்தம் இல்லைங்க ஐயா. என் கை அவ்வளவுதான். அவன் கையில இது வேற மாதிரி பேசும்."

மூக்கையா நாற்காலிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டார். எப்படிப் பேசும் என்று கேட்டார். உண்மையைச் சொன்னேன். அவன் வாசிக்கும்போது பக்கத்தில் இருக்கும் நான் பக்கம் புரட்ட மறந்து திட்டு வாங்கியிருக்கிறேன். கண்ணாடி அறையில் டேப்பைக் கவனிக்கிற என்ஜினியர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டேக் கேட்டிருக்கிறார்; முதலாவது சரியில்லை என்று அல்ல. இப்படி நிறையச் சொன்னேன். சொல்லச் சொல்ல அந்த மனிதரின் முகம் இளகியது. "கேட்டியா, கேட்டியா" என்று மனைவியிடம் திரும்பித் திரும்பிச் சொன்னார். அந்த அம்மாள் இப்போது வாய்விட்டு அழுதார். அது நல்ல அழுகை என்று எனக்குத் தோன்றியது. நான் சமாளித்துவிட்டேன் என்றும் நினைத்தேன்.

மூக்கையா எழுந்தார். மடியை அவிழ்த்து அச்சாரத்தை எடுத்து, துண்டு விரித்து அதன் மேல் வைத்து என்னிடம் நீட்டினார்.

"கோவிச்சுக்கிராதீக தம்பி. நீங்க பொய் பேசாத ஆளு. ஆனா ஓட்டத் தெரியாத கைக்கு நாங்க மாட்டைக் குடுக்கிறதில்ல. அம்புட்டுப் பேசின சீவனை உங்ககிட்டக் குடுத்தா அவன் ஆத்துமா பொறுக்காது."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் அன்று சரியான நுணல். கொஞ்சம் பழகினால் கைக்கு வந்துவிடும் என்று சொல்லிப் பார்த்தேன். பழகுகிற வயசா தம்பி இது என்று வருத்தத்தோடு கேட்டார். அவர் என்மேல் நிஜமாகவே இரக்கப்பட்டார். என் பிழைப்பு, தை கடைசி, காலியாகப்போகும் நாற்காலி எல்லாம் நெஞ்சுக்குள் முட்டிக்கொண்டு நின்றன. பெயிண்ட் என்ற ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொக்கன்கூட என் பக்கம்தான் பேசினார். மூக்கையா அசையவில்லை. நான் அச்சாரத்தை எடுத்துக்கொண்டேன்.

தந்திகளை மட்டும் கழற்றவில்லை. குச்சி இல்லாத வயிற்றை அழுத்தாமல் இருக்க அவற்றைத் தளர்த்தி விட்டேன்.

பஸ்ஸுக்கு மூக்கையாவே காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவர் முன்னால் போக, பின்னால் வந்த சொக்கன் என்னை இடித்தார். தரகு போன கோபம்.

"யாவாரத்துல போயி உண்மையைச் சொல்லலாமா சார்?" என்றார்.

பஸ் ஏறும்போது மனசு கேட்காமல் மூக்கையாவிடம் ஒன்றே ஒன்று சொன்னேன். இனிமேல் அதற்குப் பெயிண்ட் எதுவும் வேண்டாம், இருக்கிறபடியே இருக்கட்டும் என்றேன். அவர் பெட்டியைப் படி வழியாக என்னிடம் தள்ளிக்கொண்டே சிரித்தார். காலையிலிருந்து அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"அதெப்படித் தம்பி. அவனை மாதிரி ஒரு கை என்னைக்காவது தேடி வரும்ல. அதுவரைக்கும் வருசா வருசம் தை பொறந்தா ஒரு கோட்டு அடிச்சுப் புதுசாவே வச்சிருப்பேன்."